ஆறு மாதத்து ஊசி

என் தம்பியை நல்லவன் என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நல்லவன்தான், யார் இல்லையென்றது. லாரி ஓட்டிவிட்டு வந்து அலுப்போடு அலுப்பாக மகளுக்குத் தலை வாரிவிடுவான். குடிக்க மாட்டான். பெண்டாட்டியை ஒரு நாள் கை நீட்டி அடித்ததில்லை. ஆனால் வாயைத் திறந்து ஓர் உண்மையைச் சொல்லடா என்றால் மட்டும் அவன் நாக்கு உள்ளே சுருண்டு படுத்துக்கொள்ளும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். காலில் ஆணி ஏறி சீழ் வைத்த பிறகும், ஒன்றுமில்லை என்று நொண்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவன்.

அவன் ரத்தத்தில் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தபோதும் அதே கதைதான். விடாத காய்ச்சலில் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தான். பெண்டாட்டியை வீட்டுக்கு அனுப்பிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னான். "அவகிட்ட மட்டும் சொல்லாதக்கா. என் தலைமேல அடிச்சு சத்தியம் பண்ணு" என்றான். பண்ணினேன். அவன் வீடு திரும்பிய மாதம் முடிவதற்குள் அவளிடம் போய்ச் சொல்லிவிட்டேன். சத்தியமாவது மண்ணாங்கட்டியாவது. அவன் மட்டும் உயிர், அவள் என்ன உமியா?

அவள் என்றால் தம்பி பெண்டாட்டி. நடந்தால் சத்தம் வராது, பேசினாலும் வராது, அதனால் பூனை என்று நான்தான் பெயர் வைத்தேன். என்னை அண்ணி என்பாள். நாத்தனாரும் தம்பி பெண்டாட்டியும் எலியும் பூனையுமாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். நாங்கள் இருவரும் ஒரே சலவைக்கூடத்தில் வேலை பார்த்தோம். ஆஸ்பத்திரிகளுக்கும் விடுதிகளுக்கும் விரிப்பு, துண்டு, தலையணை உறை துவைத்துத் தரும் இடம். அந்த வெக்கையில் பக்கத்தில் நிற்பவளோடு சண்டை போட்டால் பொழுதை ஓட்ட முடியாது. ஒரு விரிப்பை மடிக்கவே இரண்டு பேர் வேண்டும்.

விஷயத்தைக் கேட்டதும் அழுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று தயாராகத்தான் போயிருந்தேன். அவள், "அதான் கொஞ்ச நாளா, இன்னொரு பிள்ளை இப்ப வேண்டாம்னு உறை போட்டுக்கறாரா" என்றாள்.

"எப்பவும் போடறானா?"

"மறந்தா மறந்ததுதான்."

"விட்டுட்டு வந்துடு. என் வீட்ல இரு" என்றேன்.

"பாப்பா அப்பா மேல உசிரா இருக்கா அண்ணி." கொஞ்சம் நிறுத்தி, "நானும்தான்" என்றாள். அதற்கு மேல் என்னத்தைச் சொல்வது?

மறுநாளே வேலைக்கு மட்டம் போட்டுவிட்டு இருவரும் கிளினிக்குக்குப் போனோம். அங்கிருந்த நர்ஸம்மா கட்டைக் குரல்காரி, ஆனால் தங்கமான மனசு. முதலில் பூனைக்குப் பரிசோதனை செய்தாள். இல்லை என்று வந்தது. எனக்கு அங்கேயே அவள் காலில் விழலாம் போலிருந்தது.

"உங்க வீட்டுக்காரர் தினமும் மாத்திரை சாப்பிட்டாருன்னா, ரத்தத்துல கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைஞ்சிடும். அப்புறம் அவர்கிட்டருந்து உங்களுக்கு வரவே வராது. சாப்பிடறாரா?" என்று கேட்டாள்.

பூனை என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த டப்பாவை அவன் பிரிக்காமலே எறிந்திருந்தான். வண்டியில் வைத்தால் கிளீனர் பார்ப்பானாம், வீட்டில் வைத்தால் இவள் பார்ப்பாளாம்.

"சரி, அது அவர் கையில இருக்கு. உங்க கையில என்ன இருக்குன்னு பார்ப்போம். உங்களுக்கும் தினசரி மாத்திரை இருக்கு, வராம தடுக்கறதுக்கு."

"எங்க வீட்ல மாத்திரையை ஒளிச்சு வைக்க இடமில்லைம்மா. அவர் கண்ணுல பட்டா, அவர் விஷயம் எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரிஞ்சிடும்" என்றாள் பூனை.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. நோயை வைத்திருப்பவன் அவன், ஒளிந்து மருந்து சாப்பிட வேண்டியவள் இவளா? ஆனால் நர்ஸம்மா இதைப்போல ஆயிரம் பேரைப் பார்த்தவள். முகம் மாறாமல், "அப்ப ஊசி. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்தா போதும்" என்றாள்.

ஊசி எப்படி வேலை செய்கிறது என்று எங்களுக்குப் புரிகிறமாதிரி சொன்னாள். கிருமிக்கு ஓர் ஓடு உண்டாம். தன் சரக்கை அந்த ஓட்டுக்குள் வைத்துக்கொண்டுதான் நம் ரத்த அணுவுக்குள் அது குடிபோகும். சரியான நேரத்தில் ஓடு பிரிந்தால்தான் உள்ளே குடித்தனம் நடத்தலாம். இந்த மருந்து போய் ஓட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். பிரிய வேண்டிய நேரத்தில் பிரிய விடாது, புதிதாக ஓடு கட்டவும் விடாது. வந்த கிருமி வாசலிலேயே செத்துப்போகும்.

"ஒரு ஊசி ஆறு மாசம் எப்படிம்மா நிக்கும்?" என்று கேட்டேன்.

"இந்த மருந்து லேசுல கரையாது. வயித்துத் தோலுக்கடியில போட்டா ஒரு சின்ன கட்டியா அங்கயே உட்கார்ந்துக்கும். அதுலருந்து தினமும் துளித்துளியா ரத்தத்துக்குக் கசிஞ்சிட்டே இருக்கும். ரத்தத்துல தேவையான அளவு ஏற நாள் பிடிக்கும், அதனால மொத ரெண்டு நாள் மட்டும் மாத்திரையும் முழுங்கணும். கட்டி கையில தட்டுப்படும். பயப்படாதீங்க, அமுக்காதீங்க."

தொப்புளுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று போட்டாள். பூனை உதட்டைக் கடித்துக்கொண்டு என் கையை நசுக்கினாள். கிளம்பும்போது நர்ஸம்மா ஒரு விஷயத்தை அழுத்தி அழுத்திச் சொன்னாள். "எந்த டாக்டர் எந்த மருந்து கொடுத்தாலும், இந்த ஊசி போட்டிருக்கேன்னு மொதல்ல சொல்லுங்க. சில மருந்துக்கும் இதுக்கும் ஆகாது. சொன்னா நாங்க அதுக்குத் தக்கபடி பார்த்துக்குவோம்." தலையை ஆட்டினோம். மறுநாள் மாத்திரையைச் சலவைக்கூடத்தில் என் கண் முன்னால் முழுங்கினாள்.

கொஞ்ச நாள் கழித்து அவன் கை அந்தக் கட்டியில் பட்டிருக்கிறது. "என்ன இது?" என்று கேட்டானாம். "கொழுப்புக் கட்டி" என்றாளாம். அவளுக்கு உடம்பில் கொழுப்பு என்ற பெயரில் ஒட்டியிருப்பது எலும்பு மட்டும்தான். அவன் நம்பிவிட்டான் என்று அவள் சொன்னபோது இருவரும் சிரித்துக்கொண்டே விரிப்பு மடித்தோம். அதற்குப் பிறகு அவன் உறையையும் அடியோடு விட்டுவிட்டான். நான் அவனை வாய் வலிக்கச் சபித்தேன். பூனைதான், "விடுங்க அண்ணி, ஊசி இருக்கே" என்றாள். ஆறு மாதம் ஆனதும் சொன்ன தேதிக்குப் போய் அடுத்ததைப் போட்டுக்கொண்டாள். மறுபடியும் இல்லை என்றுதான் வந்தது. உலகத்தில் அவளைப்போல ஒழுங்காகச் செய்தவள் ஒருத்தி இருக்க மாட்டாள். எனக்கு வயிறு எரிவதே அதனால்தான்.

அதற்குப் பிறகுதான் தம்பிக்கு இருமல் பிடித்தது. காசநோய் என்றார்கள். உடம்பில் எதிர்ப்பு இல்லாதவனுக்கு அது சீக்கிரம் வரும். லாரியை விட்டு இறங்கி வீட்டோடு கிடந்தான். எனக்கு அந்தச் சமயம் வேறு ஷிப்ட். பூனை உள்ளே வரும்போது நான் வெளியே போவேன். வாசலில் ஒரு வார்த்தை, அவ்வளவுதான். காசநோய் மருந்தைச் சரியாகச் சாப்பிடுகிறான், ஒரு சுகாதார அம்மா வீட்டுக்கே வந்து முழுங்க வைத்துவிட்டுப் போகிறாள் என்று சொன்னாள். எனக்கும் நிம்மதியாக இருந்தது.

ஷிப்ட் மாறி மறுபடி பக்கத்தில் பக்கத்தில் நின்ற முதல் நாள். பிளீச் நெடி கண்ணைக் கரிக்கும், எல்லோருக்கும் தண்ணீர் வடியும். அவள் கையிலிருந்த வெள்ளைத் தலையணை உறையில் கண்ணைத் துடைத்துவிட்டு மடிக்கப் போனாள். உறையில் இரண்டு இடத்தில் ஆரஞ்சு நிறத்தில் கறை.

எங்கள் சூப்பர்வைசருக்குக் கடிகாரம் என்று பெயர். மணிக்கு மணி வந்து நிற்பார். அன்றைக்கும் சரியாக வந்து நின்றார். "என்னம்மா இது, துவைச்சதை அழுக்காக்கறீங்க. திரும்ப மெஷின்ல போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

"கண்ணுக்கு என்னத்தடி பூசியிருக்க?" என்றேன்.

"பூசல அண்ணி. அந்த மாத்திரை. கண்ணீர், வேர்வை, ஒண்ணுக்குப் போறது எல்லாமே இந்தக் கலர்ல வரும்னு முன்னாடியே சொன்னாங்க."

"எந்த மாத்திரை?"

"வீட்ல இருக்கற எங்களுக்கும் காசநோய் வராம இருக்க வாரம் ஒரு தடவை குடுக்கறாங்களே, அது."

விரிப்பை உள்ளே கொடுத்துத் தேய்க்கிற அந்த உருளை இஸ்திரி மெஷின் பக்கத்தில் நின்றால் எலும்பே வேகும். எனக்குக் கைகால் சில்லிட்டுப்போனது.

"ஊசி போட்டிருக்கேன்னு சொன்னியா?"

அவள் உறையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"கேக்கறேன்ல. சொன்னியா?"

"அந்த சுகாதார அம்மா கேட்டாங்க அண்ணி. வேற மருந்து ஏதாவது எடுக்கறீங்களான்னு கேட்டாங்க. அவர் பக்கத்துலயே உட்கார்ந்திருந்தார். இல்லைன்னு சொல்லிட்டேன். அப்புறம் தனியா சொல்லிடலாம்னு அவங்க பின்னாலயே வாசல் வரைக்கும் போனேன். உள்ளே அவர் இரும ஆரம்பிச்சார். தண்ணி குடுக்கத் திரும்பிட்டேன். அடுத்த வாரம் சொல்லலாம்னு இருந்தேன். அடுத்த வாரமும் அவர் அங்கயேதான் உட்கார்ந்திருந்தார்."

அவளைத் திட்ட வாயெடுத்தேன். திட்டி என்ன ஆகப்போகிறது? அங்கியைக் கூடக் கழற்றாமல் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கிளம்பினேன். கடிகாரம் பின்னாலிருந்து ஏதோ கத்தினார். போய் மணியைப் பார்த்துக்கொள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

கிளினிக் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் சுவரோரமாக வரிசையாகப் போட்டிருக்கும். யாரும் யார் முகத்தையும் பார்க்க மாட்டார்கள். முறைப்படி காத்திருக்கச் சொன்னார்கள். எனக்கு முறையாவது ஒன்றாவது. கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் மாத்திரை அட்டையை நர்ஸம்மா மேசையில் வைத்தேன். எடுத்துப் பெயரைப் படித்தாள். எத்தனையோ பேருக்கு எதையெதையோ முகம் மாறாமல் சொன்னவள், அன்று அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

"இதை எப்போலருந்து சாப்பிடறீங்க?"

பூனை சொன்னாள்.

நர்ஸம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். "இந்த மாத்திரை கல்லீரலை முடுக்கி விட்டுடும்மா. ரத்தத்துல இருக்கற சில மருந்தையெல்லாம் அது படுவேகமா உடைச்சுத் தள்ள ஆரம்பிச்சிடும். வயித்துலருந்து துளித்துளியா கசியுதுன்னு சொன்னேன்ல. அந்தத் துளி வந்து சேர்றதுக்குள்ள கல்லீரல் அதை முடிச்சிருக்கும். கட்டி அங்கயேதான் இருக்கும், கைக்குத் தட்டுப்படும். ஆனா ரத்தத்துல மருந்து போதாது."

"இப்ப என்ன பண்றது?"

"முன்னாடியே தெரிஞ்சிருந்தா கூடுதலா ஒரு ஊசி போட்டுச் சரிக்கட்டியிருப்போம். இல்ல, காசநோய்க்கு வேற மாத்திரை குடுக்கச் சொல்லியிருப்போம். அதுக்கும் இதுக்கும் சண்டை கிடையாது." எங்களைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "இத்தனை நாள்ல உங்க வீட்டுக்காரரோட?"

பூனை தலையைக் குனிந்தாள். வேலையில்லாமல் வீட்டோடு கிடந்தவன். வேறு என்ன நடக்கும்?

விரலில் குத்திப் பார்த்தாள். இல்லை என்று ஒற்றைக் கோடு வந்தது. பூனைக்கு ஒரு சிரிப்பு வந்தது பாருங்கள். கல்யாணத்தன்றுகூட அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "இல்லைன்னு வந்துடுச்சு அண்ணி" என்று என்னைக் கட்டிக்கொண்டாள்.

"இதை நம்ப முடியாதும்மா. ஊசி மருந்து உள்ளே கொஞ்சம் இருந்தாலும் கிருமி அடங்கிக் கிடக்கும். இந்த டெஸ்ட் உடனே காட்டாது. கிருமியையே நேராத் தேடற டெஸ்ட் ஒண்ணு இருக்கு. பெரிய லேபுக்கு அனுப்பறேன்" என்று சொல்லி, நர்ஸம்மா அவள் முழங்கைக்கு மேல் ரப்பர் பட்டையைக் கட்டினாள். காசநோய்க்காரர்களோடு தானே பேசி மாத்திரையை மாற்றச் சொல்வதாகவும் சொன்னாள். "அதுவரைக்கும் தனியா படுங்க. என்ன சாக்கு வேணும்னாலும் சொல்லுங்க."

முடிவு வருகிற வரைக்கும் நான் மனுஷியாக இல்லை. விரிப்பை இஸ்திரி மெஷினுக்குள் கோணலாகக் கொடுத்துக் கிழித்தேன். சோறு இறங்கவில்லை. எனக்கு எதையாவது கொடு, என் காலை எடுத்துக்கொள், கண்ணை எடுத்துக்கொள், இவளை மட்டும் விட்டுவிடு என்று எவனிடம் கேட்கிறோம் என்றே தெரியாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் என்ன பாவம் செய்தாள்? ஊசிக்குப் பயந்தாளா, தேதியை விட்டாளா? புருஷன் உண்மையைச் சொல்லவில்லை, கொடுத்த மாத்திரையைச் சாப்பிடவில்லை. எல்லாவற்றுக்கும் சேர்த்து அவள் ஒருத்தி வயிற்றைக் காட்டிக் குத்திக்கொண்டாளே, அது போதாதா?

பூனை மட்டும் எப்போதும்போல வந்தாள், மடித்தாள், போனாள். மகள் பக்கத்தில் படுத்துக்கொள்வதாகச் சொன்னாள். ஒரே ஒரு தடவை, இரண்டு பேரும் ஒரு விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, "எனக்கு ஏதாவது ஆனா பாப்பாவுக்குத் தலை வார்றதுக்கு அவரே போதும், மத்ததுக்கு நீங்க பார்த்துக்கங்க" என்றாள்.

"வாயை மூடுடி" என்றேன். என் முனை கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது.

கூப்பிட்டார்கள். போனோம். நர்ஸம்மா கதவைச் சாத்திவிட்டு, எதிரே உட்காராமல் பூனைக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"இருக்கும்மா. கொஞ்சமாத்தான் இருக்கு. ஆனா இருக்கு."

பூனை அசையவில்லை. நான்தான் கையால் வாயைப் பொத்திக்கொண்டு மிருகம்போலச் சத்தம் போட்டேன். நர்ஸம்மா பேசிக்கொண்டே போனாள். ஊசி மருந்து கொஞ்சமாக மட்டும் இருந்த நேரத்தில் கிருமி உள்ளே வந்ததால் அது அந்த மருந்துக்குப் பழகிப்போயிருக்கலாம், இனி அந்த ஊசி இவளுக்கு உதவாது. ஆனால் தினசரி மாத்திரை வேறு வழியில் வேலை செய்வது, அது உதவும். இன்றே ஆரம்பித்துவிடலாம். ஒழுங்காகச் சாப்பிட்டால் பேரன் பேத்தி எடுக்கலாம், மகளுக்கு ஒன்றும் ஆகாது. எல்லாம் நல்ல வார்த்தைதான்.

"தினமும் சாப்பிடணுமா?" என்று மட்டும் கேட்டாள் பூனை.

"தினமும்."

"சரி. இனிமே ஒளிக்க வேண்டாம்ல" என்று டப்பாவை வாங்கிக்கொண்டாள்.

வெளியே வந்ததும் நான் அவளுக்காகக்கூட நிற்கவில்லை. நேரே தம்பி வீட்டுக்குத்தான் என் கால் போனது. என்னைப் பெற்றவள் இருந்திருந்தால்கூட அன்று தடுத்திருக்க முடியாது. ஜன்னலோரக் கட்டிலில் முதுகுக்குத் தலையணை வைத்து உட்கார்ந்திருந்தான். வெயில் அவன் காலடியில் விழுந்துகொண்டிருந்தது. மகள் பள்ளிக்கூடம் போயிருந்தாள்.

"உன் பொண்டாட்டிக்கு வந்துடுச்சுடா" என்றேன்.

"என்னக்கா?"

"உன்கிட்ட இருக்கறதுதான். வேற என்ன சொத்து வச்சிருக்க நீ அவளுக்குக் குடுக்க? எல்லாம் தெரியும் அவளுக்கு. நீ ஆஸ்பத்திரியிலருந்து வந்த மாசமே நான் சொல்லிட்டேன். ரெண்டு தடவை ஊசி போட்டுக்கிட்டா. உனக்குத் தெரியாம, உன் மனசு நோகாம, திருடி மாதிரி போய்ப் போட்டுக்கிட்டாடா."

அதிர்ந்துபோவான், கண்ணைக் கசக்குவான், பொய் சொன்னாயே அக்கா என்று என்மேல் பாய்வான் என்று எதிர்பார்த்தேன். அவன் காலடி வெயிலையே பார்த்தான்.

"அது எப்படி வரும்? ஊசி போட்டிருக்காளே" என்றான்.

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

"உனக்குத் தெரியுமா?"

"லாரி நிறுத்தற இடத்துல ஒரு முகாம் போட்டாங்கக்கா. அங்க இந்த ஊசியைப் பத்திச் சொன்னாங்க. வயித்துல ரெண்டு பக்கமும் சின்னதா கட்டி தட்டுப்படும்னாங்க. வீட்டுக்கு வந்தா இவளுக்கு அதே இடத்துல இருக்கு. கேட்டேன், கொழுப்புக் கட்டின்னா. அன்னைக்குத்தான்க்கா ரொம்ப நாள் கழிச்சு நிம்மதியா தூங்கினேன். அவளைக் காப்பாத்த ஏதோ ஒண்ணு இருக்குன்னு. அதுக்கப்புறம்தான் உறையையும் விட்டேன். எனக்கு அவ மேல ஆசை இல்லையாக்கா? தெரிஞ்சே குடுத்திருப்பேனா?"

அடப்பாவி. இவனுக்குத் தெரிந்தது அவளுக்குத் தெரியாது என்று இவன், அவளுக்குத் தெரிந்தது இவனுக்குத் தெரியாது என்று அவள். ஒரே பாயில் படுத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் எவ்வளவு பத்திரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அப்போதுதான் பூனை வாசற்படியில் நிற்பதைப் பார்த்தேன். எப்போது வந்தாள், எவ்வளவு கேட்டாள், தெரியாது. அவள் வந்தால் யாருக்குத்தான் தெரியும்.

"அந்த சுகாதார அம்மா கேட்டாங்களே, வேற மருந்து எடுக்கறீங்களான்னு" என்றாள். "நான் ஊசின்னு சொன்னா, எதுக்கு ஊசின்னு வரும். உங்க விஷயம் எனக்குத் தெரியும்னு உங்களுக்குத் தெரிஞ்சிடும். நீங்க என் முகத்துல முழிக்க மாட்டீங்களேன்னுதான் வாயை மூடிக்கிட்டேன். உங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சே, நீங்க ஏன் சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு நெனச்சேன்" என்றான்.

"நான் இல்லைன்னு சொன்னேன். நீங்க பக்கத்துல உட்கார்ந்து காதால கேட்டீங்க. அப்புறம்?"

அவனுக்கு இருமல்கூட வரவில்லை. நான் கையை ஓங்கினேன். அடி என்பதுபோல அவன் முகத்தைத் தூக்கிக் காட்டினான். கன்னம் ஒட்டி, கழுத்து எலும்பு துருத்தி, தூக்கி வளர்த்த பிள்ளை. அடிக்கவும் முடியாமல் இறக்கவும் முடியாமல் என் கை அப்படியே நின்றது. அவனைக் கொல்ல வேண்டும்போல இருந்தது. அவன் செத்துவிடக் கூடாது என்றும் இருந்தது.

பூனை உள்ளே போய் ஒரு தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். கட்டிலின் ஓரத்தில், அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள். டப்பாவின் மூடியைத் திருகித் திறந்தாள். ஒரு மாத்திரையை எடுத்து, அவன் பார்க்கப் பார்க்க வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். தொண்டையில் அது இறங்குவது எங்கள் இருவருக்கும் தெரிந்தது.

அவன் அழுதுகொண்டிருந்தான். அவன் கண்ணீரும் ஆரஞ்சாகத்தான் வடிந்தது. வேறு என்ன கேட்பது என்று தெரியாத குழந்தைபோல, "கசக்குதா?" என்று கேட்டான்.

"நீங்க சாப்பிட்டிருந்தா உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்" என்றாள் அவள்.